சீழ் உண்டா, இல்லையா? – மென்னிழையத் தொற்றுகளில் படுக்கையருகுக் கழியொலிப் பரிசோதனை

மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிலே கலக்கின்ற பிரதேசத்தில், ஒரு புறம் வயலும் மறுபுறம் களப்புமாக அமைந்திருக்கின்ற கிண்ணியா, குறிஞ்சாக்கேணி முதலிய ஊர்களிலே, சேற்றில் வெறுங்காலோடு இறங்கி உழைப்பவரும், தோணி தள்ளுபவரும், வலையிலிருந்து மீன் கழற்றுபவரும் அநேகராதலால், சிவந்து வீங்கி நோவெடுத்த ஒரு காலோ கையோ வந்து சேராமல் அங்குள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு நாள் கழிவது அபூர்வம். அவ்வாறு வந்தவரைக் கட்டிலில் கிடத்திய வைத்தியர் முதலாவதாகத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உள்ளே சீழ் கட்டியிருக்கிறதா, இல்லையா? கட்டியிருந்தால் அதை வெட்டி வெளியேற்ற வேண்டும். எத்தனை குளிசை கொடுத்தாலும் சீழ் தானாகக் கரைந்து போவதில்லை. கட்டவில்லையென்றால் கத்தியை எடுப்பது நோயாளிக்கு வீண் ஹிம்சை. மருந்தும், காலை உயர்த்தி வைத்த ஓய்வுமே போதும். இந்த அத்தியாயம் அந்த ஒரு கேள்விக்குக் கட்டிலருகிலேயே நின்று கழியொலிக் கருவியால் (அல்ட்ராசவுண்ட்) விடை காணும் முறையையும், அந்த விடையை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாத இரண்டு சந்தர்ப்பங்களையும் பற்றியது.

தலைமுறை தலைமுறையாக இதற்கு உபயோகப்பட்டு வந்தவை வைத்தியரின் இரண்டு விரல்களே. ஒரு விரலால் அழுத்தி மற்ற விரலின் கீழே ததும்பலை உணர்கின்ற அந்த வித்தையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. தோலுக்குச் சற்றுக் கீழே திரண்டு நிற்கின்ற கட்டியை அது நன்றாகவே காட்டும். ஆனால் பிட்டத்திலே ஊசி போட்ட இடத்தில் ஆழமாகக் கட்டுகின்ற சீழும், காய்த்துத் தடித்த உள்ளங்காலின் கீழே ஒளிந்திருக்கின்ற சீழும், பருத்த சரீரமுள்ளவரின் தொடையில் தசைக்குள்ளே தங்கிவிட்ட சீழும் விரலுக்கு அகப்படுவதில்லை. அவ்வாறே, நீர் கோத்து வீங்கிய வெறும் இழையம் சில வேளைகளில் சீழ்போலத் ததும்பி விரலை ஏமாற்றிவிடுவதும் உண்டு. இந்தச் சந்தேகத்தினால்தான், "பழுக்கட்டும், மூன்று நாள் பொறுத்து வாங்க" என்னும் வழக்கம் நம்முடைய வைத்தியசாலைகளில் வேரூன்றியது. அதன் செலவு முழுவதையும் சுமப்பவர் நோயாளியே. குறிஞ்சாக்கேணிப் பாலம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் மக்களை ஏற்றிச் சென்ற இழுவைப் படகு 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன குழந்தைகள் உட்படப் பலர் மாண்ட செய்தியை நாடே அறியும். தண்ணீரைக் கடந்து வைத்தியசாலைக்கு வருகின்ற ஓர் ஊரிலே, "போய்ப் பிறகு வாருங்கள்" என்று சொல்வது இலேசான வார்த்தையல்ல. ஐந்து நிமிஷத்தில் தீரக்கூடிய சந்தேகத்திற்காக ஒருவரை மூன்று நாள் நோவிலே கிடக்க விடுவது நியாயமாகாது என்பதே என் அபிப்பிராயம்.

இவ்விஷயத்தில் ஆதாரம் இல்லாமலும் இல்லை. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியிலே, அவசர சிகிச்சை வைத்தியர்கள் அரைமணி நேரப் பயிற்சி மாத்திரம் பெற்றுக்கொண்டு 107 நோயாளிகளைப் பரிசோதித்தனர். கையாலும் கண்ணாலும் மாத்திரம் பார்த்தபோது உள்ள சீழில் நூற்றுக்கு 86ஐக் கண்டுபிடித்தவர்கள், கழியொலியின் துணையோடு 98ஐக் கண்டுபிடித்தனர். சீழ் இல்லாதவரை இல்லையென்று சரியாகச் சொன்ன விகிதமும் 70இலிருந்து 88ஆக உயர்ந்தது. அடுத்த ஆண்டு தாயல் என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி இதனினும் சுவாரசியமானது. 126 பேரை முதலில் கையால் பார்த்து, இவருக்கு வெட்ட வேண்டும், இவருக்கு வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டுப் பின்பு கருவியை எடுத்தார்கள். 71 பேருடைய சிகிச்சை மாறிப்போயிற்று. வெட்ட வேண்டாம் என்று வைத்த 82 பேரில் 39 பேருக்கும், வெட்டியே ஆக வேண்டும் என்று வைத்த 44 பேரில் 32 பேருக்கும் தீர்மானம் மாறியது. நிச்சயமாக வெட்டத்தான் வேண்டும் என்று எண்ணியவர்களே விகிதப்படி அதிகமாகத் தவறினார்கள் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். நம்முடைய நிச்சயங்களைத்தான் இந்தக் கருவி முதலிலே பரீட்சிக்கிறது.

கருவியைப் பற்றி

அமுக்கப்படும் சில படிகங்கள் மின்னேற்றம் காட்டுகின்றன என்பதை 1880ஆம் ஆண்டிலே பிரெஞ்சுச் சகோதரர்களான ழாக் கியூரியும் பியர் கியூரியும் கண்டனர். அந்தத் தத்துவத்தையே பற்றி, ஒலியைச் செலுத்தி எதிரொலியைக் கேட்டு நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுகின்ற உபாயம் பிறந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது திருக்கோணமலைத் துறைமுகத்திலே நங்கூரமிட்டிருந்த பிரித்தானியப் போர்க்கப்பல்களில் பல அத்தகைய உபகரணங்களைத் தாங்கியவையே. யுத்தம் ஓய்ந்தபின், கிளாஸ்கோ நகரத்து இயன் டொனால்ட், உலோகத்தில் வெடிப்புக் காண்பதற்காக ஏற்பட்ட கருவியொன்றை நோயாளிகளின் வயிற்றின்மீது பிரயோகித்துப் பார்த்து, 1958இல் தம் முடிவுகளை வெளியிட்டார். துறைமுகத்து யுத்தக் கப்பலிலிருந்து கிண்ணியாவின் நோயாளிக் கட்டில் வரைக்கும் அந்த ஒலி வந்து சேர்ந்த கதை தனியாக எழுதத் தக்கது. இங்கே அதற்கு இடமில்லை.

வேண்டியது நேர்முகப்புள்ள ஆய்கோல் (புரோப்). அதாவது 7 முதல் 12 மெகாஹேர்ட்ஸ் வரையிலான உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்குவது. அதிர்வெண் உயர உயரப் படம் தெளிவாகும், ஆனால் ஒலி ஆழத்துக்குச் செல்லாது. ஆகையால் பருத்தவரின் பிட்டத்தையும் தொடையின் உட்பகுதியையும் பார்ப்பதற்கு, வயிற்றுக்கு உபயோகிக்கும் வளைமுகப்புள்ள ஆய்கோலையும் அருகிலே வைத்திருத்தல் நன்று. மென்னிழையத்தில் ஒலி செக்கனுக்கு 1540 மீற்றர் வேகத்தில் செல்வதாகக் கொண்டே கருவி ஆழத்தைக் கணிக்கிறது. கைத்தொலைபேசியோடு இணைத்துப் பார்க்கின்ற சிறிய ஆய்கோல்களும் இக்காலத்தில் வந்துவிட்டன. இந்த வேலைக்கு அவை தாராளமாகப் போதும். தமிழ்நாட்டு வாசகர் ஒன்றை மாத்திரம் மறக்கலாகாது: இந்தியாவிலே, கருவிலுள்ள சிசுவின் பாலறிதலைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் கருவி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், அதை நினைத்த இடத்துக்குக் கொண்டுபோக முடியாது.

பார்க்கும் முறை

சீழிலே தோய்ந்த ஆய்கோலை அடுத்த நோயாளியின் தோலில் வைப்பது குற்றம். கையுறையொன்றின் உள்ளே ஜெல் இட்டு, ஆய்கோலை அதனுள் நுழைத்து, காற்றுக் குமிழிகளை நீவி அகற்றி, மேலேயும் ஜெல் தடவிக்கொள்க; முடிந்தபின் கையுறையைக் கழற்றி எறிந்து ஆய்கோலைத் துடைத்து வைக்க வேண்டும். நோயாளிக்கு நோவு அதிகமாக இருக்குமாதலால் ஜெல்லைத் தாராளமாக இட்டு, தோலை அமுக்காமல் மிதக்க விடுவதே உத்தமம். ஆழத்தை முதலில் 4 முதல் 6 சென்ரிமீற்றரில் வைத்துப் பார்த்து, வேண்டுமானால் கூட்டலாம்.

வீக்கத்தின் நடுவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நோயற்ற பக்கத்தை முதலில் பாருங்கள். "மற்றக் காலையும் நீட்டுங்க வாப்பா" என்று தாதி சொல்லும்போது, நோகிற காலை விட்டுவிட்டு நல்ல காலை ஏன் பார்க்கிறார்கள் என்று முதியவர் வியக்கக்கூடும். ஆனால் இயல்பு எது என்பதை அவருடைய சரீரமே நமக்குக் காட்டித்தருவது அந்தக் காலில்தான். மேலே மெல்லிய வெண்கோடாகத் தோல். அதன் கீழே கருமையான கொழுப்பும் அதனூடே ஓடும் வெண்ணிற இழைகளும். அதற்கும் கீழே பளிச்சென்ற ஒரு கோடாக ஆழ்ந்த தசையுறை. அப்பால் வரிவரியாகத் தசை. எல்லாவற்றுக்கும் அடியில் எலும்பின் வெண்விளிம்பும் அதன் பின்னே நிழலும். இந்த வரிசை மனத்தில் பதிந்தபின் நோயுள்ள பக்கத்துக்கு வந்து, நல்ல தோலிலிருந்து வீக்கத்தை நோக்கி மெல்ல நகர்ந்து, நெடுக்காகவும் குறுக்காகவும் இரண்டு தளங்களில் பார்க்க வேண்டும். ஒரு தளத்திலே கட்டி போலத் தோன்றுவது மறு தளத்தில் நரம்போ நாளமோ ஆகிவிடுவது உண்டு.

விரலும் பாதமும் வேறு விதமான உபாயத்தை வேண்டுகின்றன. அங்கே தோல் கோணல்மாணலானது, ஆய்கோல் பதியாது, தொட்டாலே நோயாளி துடிப்பார். சுத்தமான தண்ணீர் நிரம்பிய ஒரு பேசினிலே கையையோ காலையோ அமிழ்த்தி, ஆய்கோலின் நுனியைத் தோலில் படாமல் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் விலக்கித் தண்ணீருக்குள் பிடித்தால், ஜெல்லும் வேண்டாம், அமுக்கமும் வேண்டாம். படம் கண்ணாடிபோலத் தெளிவாக விழும். மீனவரின் கைவிரலைப் பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

காண்பதும் அதன் பொருளும்

தோலும் கொழுப்பும் தடித்து வெளிறி, கொழுப்பு மணிகளுக்கிடையே நீர் ஓடி, திரை முழுவதும் கூழாங்கல் பாவிய தரையைப் போலத் தோன்றினால், அது பரந்த அழற்சி. திரண்ட சீழ் இன்னும் இல்லை. ஆனால் அந்தத் தோற்றம் நீர்க்கோவையின் அடையாளமேயன்றித் தொற்றின் அடையாளமன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருதயம் பலவீனமானவரின் வீங்கிய காலிலும், யானைக்கால் நோயாளியின் காலிலும், நாளத்தில் இரத்தம் உறைந்தவரின் காலிலும் இதே கூழாங்கற்களைக் காணலாம். சூடும் சிவப்பும் நோவும் காய்ச்சலும் சேர்ந்தால்தான் அது தொற்று. ஒற்றைக் கால் வீங்கியிருந்தால் அதே ஆய்கோலை அரையிலும் முழங்காலின் பின்னும் வைத்து அமுக்கி, நாளம் முற்றாக மடிகிறதா என்று பார்த்துவிடுவது புத்தியான காரியம்.

சீழ் வேறு விதமானது. கருமையாகவோ, உள்ளே பொடி மிதக்கும் சாம்பல் நிறமாகவோ ஒரு குழி. அதன் விளிம்பு ஒழுங்கற்றது. அதன் பின்புறத்து இழையம் மற்ற இடங்களைவிடப் பிரகாசமாகத் தெரியும், ஏனெனில் திரவத்தினூடே ஒலி தடையின்றிச் செல்கிறது. சில கட்டிகளிலே சீழ் தடித்துச் சுற்றியுள்ள இழையத்தின் நிறத்தையே கொண்டு கண்ணை ஏமாற்றும். அப்பொழுது ஆய்கோலால் இலேசாக அமுக்கி விடுக. உள்ளேயிருக்கும் பொடி சுழன்று அசைந்தால் அது சீழேயன்றி வேறில்லை. விரல் தேடிய அதே ததும்பலைத்தான் இங்கே கண் காண்கிறது.

கத்தியை எடுக்குமுன், இரத்தோட்டத்தை நிறமாகக் காட்டுகின்ற டொப்ளரை ஒருமுறை இடாமல் விடலாகாது. சீழ்க் குழியின் உள்ளே இரத்தோட்டம் இராது. சுற்றிலும் அதிகமாக இருக்கும். உள்ளேயே நிறம் சுழன்றால் அது நாடியின் புடைப்பாயிருக்கலாம், அதைக் கீறியவர் அந்த நாளை மறக்க மாட்டார். நடுவிலே ஒரு தண்டிலிருந்து கிளைத்து ஓடினால் அது நெறிக்கட்டி. அரையிலும் கழுத்திலும் அக்குளிலும் இந்த நிபந்தனைக்கு விலக்கே கிடையாது.

சீழ் உண்டென்று கண்டபின், தோலிலிருந்து குழி எத்தனை மில்லிமீற்றர் ஆழத்தில் இருக்கிறது, அதன் நீளம் அகலம் ஆழம் என்ன, எந்த நாடி எத்தனை அருகில் ஓடுகிறது என்பவற்றை அளந்து, வெட்ட வேண்டிய இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்க. ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பவர் உண்டு. கழியொலியின் துணையோடு ஊசியால் உறிஞ்சியதையும் கத்தியால் கீறியதையும் ஒப்பிட்ட 2011ஆம் ஆண்டு ஆராய்ச்சியிலே, ஊசி நூற்றுக்கு 26 பேரில் மாத்திரமும் கத்தி 80 பேரிலும் பலித்தன. ஆகையால் முகம், மார்பு போன்ற இடங்கள் தவிர மற்ற இடங்களில் கீறுவதே முறை. கீறியபின் மறுபடி ஒருமுறை ஆய்கோலை வைத்து, ஒதுக்கிலே சீழ் தங்கிவிடவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு கட்டுப் போடுக.

முள்

ஆறாத புண்ணையும் திரும்பத் திரும்பச் சீழ் கட்டுகிற இடத்தையும் கண்டால், நோயாளி "ஒண்டும் குத்தல்ல டொக்டர்" என்று சத்தியம் செய்தாலும் உள்ளே ஏதோ இருக்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். விடத்தல் முள், பனைமட்டைக் கருக்கு, களப்போரத்துக் கண்டற் சிராய் ஆகிய இவையெல்லாம் எக்ஸ்கதிர்ப் படத்திலே விழாதவை. கழியொலிக்கோ இவை நன்றாக அகப்படும். வெண்ணிறக் கோடொன்று, அதன் பின்னே நிழல், அதைச் சூழ்ந்து கருமையான ஒரு வளையம்: இம்மூன்றும் சேர்ந்தால் முள்ளைக் கண்டுவிட்டோம். அந்தக் கருவளையம் உண்டாகச் சரீரம் சில நாட்கள் எடுத்துக்கொள்ளும் ஆதலால், புதிதாக ஏறிய முள்ளிலே அதை எதிர்பார்க்கக் கூடாது. திருக்கை முள்ளும் கெளிற்று முள்ளும் ஒடிந்து உள்ளே தங்குவதோடு விஷத்தையும் விட்டுச் செல்கின்றன. தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அந்த அவயவத்தை அமிழ்த்தினால் நோவு தணியும், அதே பேசினிலே ஆய்கோலையும் இறக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

காத்திருக்கக் கூடாத இடம்

இனிச் சொல்லப்போவது இந்த அத்தியாயத்தின் மற்றப் பகுதிகளுக்கு ஒரு விதத்தில் விரோதமானது. தசையுறை அழுகும் தொற்று மணித்தியாலக் கணக்கிலே பரவி உயிரைக் கொள்வது. தோலிலே தெரிகிற மாற்றம் சொற்பமாயிருக்க, நோயாளியோ அதற்குப் பொருந்தாத கொடிய வேதனையிலே அலறுவார். பிறகு கருநீலக் கொப்புளங்கள், தொட்டால் நறநறத்தல், உணர்விழந்த தோல், இறங்குகின்ற இரத்த அழுத்தம் என்று ஒவ்வொன்றாக வரும். நீரிழிவோ ஈரல் நோயோ உள்ள ஒருவர் உவர்நீரிலே புண்பட்ட காலோடு நின்றிருந்தால், விப்ரியோ வல்னிபிகஸ் என்னும் கிருமி இதை ஒரே இரவில் உண்டாக்க வல்லது. கழியொலியிலே கொழுப்பு எங்கும் தடித்திருப்பதும், ஆழ்ந்த தசையுறையின் நெடுகிலும் 4 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட நீர்ப்படலம் ஓடுவதும், இழையத்தினுள்ளே காற்று வெண்பொட்டுகளாக நின்று கலங்கிய நிழல் வீசுவதும் இதன் அடையாளங்கள். தாய்வானில் 62 நோயாளிகளிடம் செய்த பரிசோதனையை 2002இல் வெளியிட்டவர்கள், முதலிரண்டு அடையாளங்களையும் நல்ல பக்கத்தோடு ஒப்பிட்டு அளந்து, நோயுள்ளவரில் நூற்றுக்கு 88 பேரைக் கண்டுபிடித்தனர்.

அப்படியானால் மிகுதி 12 பேர்? அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். திரையில் அடையாளம் தெரிந்தால் சத்திரசிகிச்சை நிபுணரை உடனே அழைக்க அது போதுமான காரணம். தெரியாவிட்டால் அழைக்காமல் இருக்க அது ஒருபோதும் காரணமாகாது. நோயாளியின் முகமும் நாடியும் சொல்வதைத் திரை மறுக்குமானால், திரையை அணைத்துவிடுங்கள். நிச்சயம் பெறுவதற்காக மறுபடியும் மறுபடியும் ஆய்கோலை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் அரைமணி நேரம் நோயாளியின் ஆயுளிலிருந்து கழிவது.

வயற்சேற்றின் நோய்

இரண்டாவது சந்தர்ப்பம் நம்முடைய மண்ணோடு பிணைந்தது. 1912ஆம் ஆண்டிலே இரங்கூனில் விற்மோர் என்பவரும் கிருஷ்ணசாமி என்பவரும் முதன்முதலில் விவரித்த மெலியோயிடோசிஸ் என்னும் வியாதி, இலங்கையில் 1927இலேயே பதிவாகியும், பின்பு நெடுங்காலம் அயல்நாட்டு நோயென்றே எண்ணப்பட்டு வந்தது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்து நுண்ணுயிரியல் துறையினர் 2006ஆம் ஆண்டு தொடக்கம் சிரத்தையோடு தேடியபின்பே, அதன் கிருமி கிழக்கு மாகாணம் உட்பட நாட்டின் பல பாகங்களிலும் மண்ணோடும் நீரோடும் உறைவது வெளிப்பட்டது. வடகீழ்ப் பருவமழைக் காலம், வயல் வேலை, நீரிழிவு ஆகிய இம்மூன்றும் ஒருவரிடம் கூடி, அவருக்குச் சீழ்க்கட்டியும் காய்ச்சலும் இருந்தால், இந்த நோயை நினையாமல் இருப்பது பிழை.

இங்கே கழியொலி செய்யக்கூடிய உபகாரம் பெரிது. காலிலே கட்டியைக் கண்ட கையோடு, வளைமுகப்பு ஆய்கோலை எடுத்து ஈரலையும் மண்ணீரலையும் பாருங்கள். சிறிய சீழ்க்குழிகள் பலவாக அங்கே தென்பட்டால், காலிலே இருப்பது ஒரு பெரிய வியாதியின் வெளிவாசல் மாத்திரமே. ஆண்களில் முன்னிற்குஞ் சுரப்பியையும் (புரொஸ்ரேற்) மறக்கலாகாது. இத்தகைய நோயாளிக்குக் கட்டியைக் கீறி, வழக்கமான குளிசையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது அவரைக் கைவிடுவதற்குச் சமானம். நாம் அன்றாடம் தோற்றொற்றுக்குக் கொடுக்கிற குளொக்சசிலின் இந்தக் கிருமியைத் தீண்டாது. செப்டசிடீம் அல்லது மெரோபெனம் என்னும் மருந்தை நாளத்தின் வழியே குறைந்தது 10 முதல் 14 நாட்களும், அதன்பின் கோ-ட்ரைமொக்சசோல் குளிசையை 3 மாதமும் கொடுத்தாக வேண்டும். இடையிலே நிறுத்தினால் நோய் திரும்பும்.

திருக்கோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு நோயாளியை மாற்றும்போது எழுதுகின்ற கடிதத்திலே, கட்டியின் அளவையும் ஆழத்தையும், பரிசோதித்த நேரத்தையும், ஈரலும் மண்ணீரலும் பார்க்கப்பட்டனவா என்பதையும் குறிப்பிடுங்கள். சிவப்பின் எல்லையைத் தோலிலே பேனாவால் வரைந்து, பக்கத்தில் மணியையும் எழுதிவிடுங்கள். சீழை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் படிவத்தில் "மெலியோயிடோசிஸ் சந்தேகம்" என்ற இரண்டு வார்த்தைகளை எழுதத் தவறாதீர்கள். அவை இல்லாவிட்டால், தட்டிலே முளைத்த கிருமி ஏதோ சாதாரண அசுத்தமென்று குப்பைக்குப் போய்விடக்கூடும்.